குருநகரில் கண்ட புள்ளித் திருக்கை

திருக்கை என்றாலே முள்ளைப் பற்றித்தான் கதை வரும். நான் கண்டது அதன் குட்டிகளை.

யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறையில் ஒருநாள் விடிய, வள்ளத்திலிருந்து பெரிய புள்ளித் திருக்கை ஒன்றை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். உடம்பு மட்டும் ஒன்றரை மீற்றர் அகலம் வரும், வால் அதைவிடப் பல மடங்கு நீளம். முதுகெல்லாம் கருங்கோடுகள் வலையாகப் பின்னியிருந்தன. கண்ணுக்குப் பின்னால் இருந்த துளை அப்போதும் திறந்து திறந்து மூடியது. மணலில் புதைந்து கிடக்கும்போது அந்தத் துளையால்தான் தண்ணீரை உள்ளே இழுக்கும். வாய் அடியில் இருப்பதால் அதால் இழுத்தால் மணலும் சேர்ந்து வரும்.

மீனை ஏலம் கூறத் தொடங்கவில்லை, அதற்குள் குட்டி விழத் தொடங்கிவிட்டது. வெற்றிலைச் சுருள் மாதிரி இரண்டு செட்டையையும் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தன. ஒன்றை மெதுவாக விரித்தேன். ஒரு சாண் அகலம். தாயின் வலைக்கோடு இல்லை, தனித்தனிக் கரும்பொட்டுகள்தான். முள் இருந்தது, ஆனால் மேலே மெத்தென்ற உறை மூடியிருந்தது. தாயைக் கிழிக்காமல் பிறக்க வேண்டுமே!

திருக்கை வெளியே முட்டை இடாது. வயிற்றுக் குட்டி முதலில் மஞ்சள் கருவைத் தின்று வளரும். அது தீர்ந்ததும் கருப்பைச் சுவரே பால் போன்ற கொழுப்புச் சாற்றைச் சுரந்து ஊட்டும். இவ்வளவு பாடுபட்டும் ஓர் ஈற்றுக்கு ஒருசில குட்டிகள்தான். வலையில் பட்டுத் தவித்தால் தாய் அவற்றையும் உதிர்த்துவிடும். நாள் நிறையாதவை பிழைக்காது. அன்று உயிரோடு கிடந்தவற்றை வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டி உடனே தண்ணீரில் விடச் சொன்னார். இரண்டு நீந்திப் போயின, ஒன்று அசையவில்லை.

தொழிலுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வள்ளத்தில் குட்டி விழுந்தால் கரைவரை கொண்டு வராதீர்கள், அந்த இடத்திலேயே கடலில் விடுங்கள். தாயும் உயிரோடு இருந்தால் அதையும் விட்டால் எவ்வளவு நல்லது.

* * *

அண்ணை, நீங்கள் எழுதிய குட்டிக் கதையை வாசித்தேன். நான் மண்டைதீவுப் பக்கம் ஆழமில்லாத பரவைக் கடலில் களங்கட்டி (தடி நட்டுக் கட்டும் அடைப்பு வலை) பார்க்கப் போகிறவன். இனி குட்டியைக் கண்டால் விடுவேன். முள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குக் குதிக்காலில் ஏறியிருக்கிறது. திருக்கை தேடி வந்து குத்தாது, மிதிபட்டால் வாலைச் சுழற்றும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடவுங்கள், அதிர்வு பட்டதும் விலகிவிடும். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், காலை வைத்திருங்கள். நஞ்சு ஒரு புரதம், சூட்டில் கெடும். எனக்கு அரை மணித்தியாலத்தில் வலி இறங்கியது. அப்புறம் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முள்ளின் பல் உடைந்து உள்ளே நின்றுவிடும். நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் மட்டும் பிடுங்கவே கூடாது, முள்ளோடேயே கொண்டு ஓடுங்கள்.