ஹவாய்க்குக் குடிபோகிறோம்: 30 அடிப் படகை ஓட்டிப்போவதா, ஏற்றி அனுப்புவதா, விற்பதா?

வளைகுடாவாசி:
மனைவிக்கு ஹோனலுலுவில் வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் கிளம்புகிறோம். வீட்டுச் சாமான் ஒரு கவலையே இல்லை. அலமேடாவில் கட்டிவைத்திருக்கும் 1985 கேட்டலினா 30 பாய்மரப் படகுதான் தொண்டையில் சிக்கிய முள். ஒன்பது வருடமாக சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குள் ஓட்டுகிறேன். கோல்டன் கேட்டைத் தாண்டி ஹாஃப் மூன் பே வரை போனதுதான் அதிகபட்சம். என்ன செய்யலாம்?

கொண்டல்:
ஓட்டிட்டுப் போங்க அண்ணே, யோசிக்கவே வேண்டாம். சுமார் 2,100 கடல் மைல். நாளைக்கு 120 மைல் போனா 17, 18 நாள். முதல் மூணு நாலு நாள்தான் பாடு: குளிர், மூடுபனி, பக்கவாட்டுல வடமேற்குக் காத்து, வாந்தி. தெற்கே இறங்கிட்டா வடகிழக்கு வியாபாரக் காத்து பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே போகும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கவாய்த் தீவின் ஹனலே வளைகுடாவுக்கு 1978லிருந்து தனியாளாவே பந்தயம் ஓட்டுறாங்க. அதுல உங்க படகைவிடச் சின்னதும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
அதே பந்தயப் படகுகளில் பல எப்படித் திரும்பி வருகின்றன என்பதையும் சொல்லுங்கள், தம்பி. கப்பல் மேல் ஏறி! போகும்போது தள்ளிவிட்ட காற்று வரும்போது முகத்தில் அடிக்கும். வடக்கே அட்சரேகை 38, 40 பாகை வரை ஏறிச் சுற்றித்தான் கலிபோர்னியாவைப் பிடிக்க முடியும். இரண்டு வருடத்தில் ஊர் பிடிக்காமல் போனால்? 40 வயசுப் படகு. இங்கே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குங்கள். மேலும் ஆகஸ்ட் புயல் காலம். கவாயைப் புரட்டிப்போட்ட இனிக்கி வந்தது 1992 செப்டம்பர் 11இல்.

கொண்டல்:
அதனாலதான் ஜூன் கடைசியில கிளம்பணும். குடும்பம் ஆகஸ்ட்ல விமானத்துல வரட்டும். படகும் குடும்பமும் ஒரே நாள்ல போகணும்னு யார் சொன்னா?

ஓவாகு அம்மணி:
நான் இங்கே, ஹோனலுலு இருக்கிற ஓவாகு தீவுல, பதினோரு வருஷமா இருக்கேன். படகு எப்படி வரும்னு ரெண்டு பேரும் சண்டை போடறீங்க. வந்தா எங்கே நிற்கும்? வைகிகி பக்கத்துல இருக்கிற ஆலா வாய் மாநில அரசோட துறைமுகம். இடத்துக்குப் பட்டியல்ல பேர் போட்டுட்டுக் காத்திருக்கணும். வருஷா வருஷம் புதுப்பிக்கலைன்னா பேர் போயிடும். கணக்குப்பிள்ளை சார், நீங்க சொல்ற மாதிரி இங்கேயே வாங்கினாலும் கதை அதேதான். படகு கை மாறும், அது நிற்கிற இடத்தோட பெர்மிட் கை மாறாது. கோ ஒலினாவுல தனியார் மெரினா இருக்கு. ஆனா வேலை முடிஞ்சு சாயங்கால நெரிசல்ல மேற்கே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
கடைசியில் இடம் கிடைக்காது என்பதுதானே? அப்படியானால் விற்பதற்கு இன்னும் ஒரு காரணம் கூடிவிட்டது.

வளைகுடாவாசி:
ஏற்றி அனுப்புவதையும் விசாரித்தேன். கன்டெய்னரின் உள்ளகலம் 2.35 மீட்டர், படகின் அகலம் 3.3 மீட்டர். உள்ளே போகாது. மாஸ்ட்டை (பாய் கட்டும் கம்பத்தை) கழற்றி, தொட்டில் கட்டி, பக்கச் சுவரில்லாத தட்டில் அகலச் சரக்காக ஏற்ற வேண்டுமாம். அவர்கள் சொன்ன தொகை படகு விற்றால் வரும் பணத்தைவிடக் கூடுதல்.

கணக்குப்பிள்ளை:
1920ஆம் வருட ஜோன்ஸ் சட்டம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்தான் வேண்டும். கப்பல்காரர்கள் கைவிரல் எண்ணும் அளவு. போட்டி இல்லாத இடத்தில் மலிவை எங்கே தேடுவது?

வளைகுடாவாசி:
இன்னொரு விஷயம். போன வாரம் அடியில் பெயின்ட் அடிக்கப் படகைத் தூக்கினார்கள். ஹல்லும் (படகின் உடல்) கீலும் (அதன் அடியில் தொங்கும் ஈயக் கனம்) சேரும் இடத்தில், முன்பக்கம், பேனாவால் கோடு போட்ட மாதிரி ஒரு விரிசல். ஒரு சாண் நீளம். துடைத்துவிட்டுக் காபி குடித்து வந்து பார்த்தால் மறுபடி ஈரம், துருக்கலர்.

ஓவாகு அம்மணி:
கேட்டலினாவுல கீல் ஓரம் இப்படி விரியறதுக்குப் பேரே ‘கேட்டலினா சிரிப்பு’. உங்க படகு உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்கு.

கொண்டல்:
அண்ணே, இதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும். பழைய கேட்டலினா 30ல கீல் போல்ட் இறங்குற இடத்துல ஃபைபருக்கு நடுவுல பிளைவுட் வெச்சிருப்பாங்க. அது ஊறிப் போயிருந்தா போல்ட்டை முறுக்கினா மட்டும் பத்தாது. மரத்தைச் சுரண்டி எடுத்துட்டுக் கெட்டியா ஃபைபர் போடணும். கீழே தொங்கறது 4,200 பவுண்டு ஈயம். நான் சொன்னதை வாபஸ் வாங்கலை, ஆனா இந்த ஜூன்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அப்பாடா.

கொண்டல்:
‘அப்பாடா’ எல்லாம் வேண்டாம் சார். அடுத்த ஜூன்னு சொல்றேன். சிரிக்கிற கீலோட இப்போ வித்தா யார் என்ன கொடுப்பாங்க? சரி பண்ணிட்டா விக்கவும் ஆகும், ஓட்டவும் ஆகும். அப்படியே இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்க அண்ணே. எந்தக் கடல் எல்லை வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும். பெரும்பாலும் கரையோரம்தான்.

வளைகுடாவாசி:
பாலிசியைப் பார்த்தேன். கரையோரம்தான். பட்டறையில் கீலைத் திறந்து பார்க்கத் தேதி வாங்கியிருக்கிறேன். ஆலா வாய் விண்ணப்பப் படிவத்தையும் இறக்கிவைத்திருக்கிறேன். எது முதலில் முடிகிறதோ பார்ப்போம். மனைவியிடம் விரிசலைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன், அடுத்த ஜூனைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.