புதுப்பிப்பு: இறக்கத்தில் தானா நியூட்ரலுக்கு வந்த பைக் கியர்

காரையாரிலிருந்து பாபநாசம் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலோ, வேகத்தடையில் குலுங்கினாலோ 2, 3 ரெண்டு கியருமே நழுவுதுன்னு எழுதியிருந்தேன்ல அண்ணாச்சிமாரே, காரணம் கிடைச்சிட்டு.

கிளட்ச் லிவர் நுனியில் 10–20 மில்லிமீட்டர் ஆட்டம், சரி. கியர் லிவரின் உள்பல்லும் தேயவில்லை. அதனால் ஆயிலை வடித்து, வலதுபக்கக் கவரையும் கிளட்சையும் கழற்றியாச்சு. கோளாறு ஸ்டாப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில்தான். கியர் மாற்றும்போது சுழலும் கியர் டிரம்மின் முனையிலுள்ள நட்சத்திரப் பள்ளத்தில் ஒரு சின்ன உருளையை அழுத்தி, போட்ட கியர் நழுவாமல் பிடிப்பதே இந்த ஆர்மின் வேலை. ஸ்பிரிங் ஒடியவில்லை, தொய்ந்திருந்தது. புதுசோடு பக்கத்தில் வைத்தால்தான் நீளம் கூடியிருப்பது தெரியும். உருளையிலும் ஒருபக்கம் தட்டையாகத் தேய்மானம், ரெண்டையும் மாற்றியாச்சு.

மாட்டினதும் ஆர்மை விரலால் தள்ளிப் பாருங்க, விட்டவுடன் 'டக்'குன்னு திரும்பணும். போல்ட்டில் ஆர்ம் சிக்கினால் புது ஸ்பிரிங்கும் பிரயோசனமில்லை. கவரை மூடுமுன் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே எல்லா கியரும் போட்டுப் பார்ப்பது ரொம்ப முக்கியம். கவருக்குப் புது பேக்கிங்தான் போடணும், பழையது ஒழுகும்.

எடுத்த எடுப்பில் இன்ஜினைப் பிளக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரே கியர் மட்டும், ஏற்றத்தில் முறுக்கும்போது உதறி நழுவினால்தான் கியர்கள் ஒன்றோடொன்று கோர்க்கும் டாக் பல்லோ, உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும். அதுக்குப் பிளந்தே ஆகணும். கியர் நழுவாமல் இன்ஜின் மட்டும் இரைந்தால் அது கிளட்ச் வழுக்கல். கார் ஆயில் ஊற்றினாலும் அப்படி ஆகும், டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கான தரம்) முத்திரை பார்த்து வாங்குங்க.