குலை எண்ணிக்கைக்கு புள்ளியியலாளர் சி. ஆர். ராவின் கீழ்வரம்பு பொருந்துமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): 100 செம்பனை மரத்தில் குலை எண்ணியாச்சு, சராசரி 4. மதிப்பீட்டின் பிழை எதற்குக் கீழே போக முடியாது என்று சொல்லும் ராவ் வரம்பை எப்படிப் போடுவது?

பதில் 1: பாய்சான் பரவல் (எண்ணிக்கைகளுக்கான நிகழ்தகவு மாதிரி) என்று வைத்தால் ஒரு மரம் தரும் ஃபிஷர் தகவல் (சராசரியைப் பற்றித் தரவு எவ்வளவு சொல்கிறது என்ற அளவு; இங்கே 1/சராசரி) 1/4, 100 மரத்துக்கு 25. தலைகீழாக்கினால் 0.04, அதன் வர்க்கமூலமான திட்டப்பிழை 0.2. சாய்வற்ற (சராசரியாக உண்மை மதிப்பையே தரும்) மதிப்பீடு எதுவும் இதற்குக் கீழே இறங்காது. வெறும் சராசரியே வரம்பைத் தொட்டுவிடும், வேறு சூத்திரம் தேடாதீங்க.

பதில் 2: அண்ணே, முதலில் பரவற்படியை (எண்ணிக்கைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) பாருங்க, பாய்சானில் அது சராசரிக்குச் சமம். 4-க்குப் பதில் 8 வந்தால் பாய்சான் இல்லை, பிழை 0.28 ஆகும். ஒரே நிரையில் அடுத்தடுத்த மரங்களை எண்ணியிருந்தால் அதுவும் போதாது: ஒரே மண், ஒரே உரம், சுயேச்சை எங்கே? மரங்களைத் தோட்டம் முழுக்கக் குலுக்கல் முறையில் எடுங்க.

பதில் 3: ராவ் இதை 1945-இல் கல்கத்தா கணிதக் கழக இதழில் எழுதியபோது முனைவர் பட்டம்கூட இல்லை! அது 1948-இல், கேம்பிரிட்ஜில், அந்த 'ஃபிஷர் தகவல்' பெயருக்குரிய ஃபிஷரிடம்.