சொல் வேண்டும்: துப்பாக்கிக் குழல் முனையில் பூட்டும் ‘சைலன்சர்’

மடல் 1 | டெக்சஸிலிருந்து

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு, வணக்கம்.

டாலஸ் பக்கம் நாங்கள் போகும் துப்பாக்கிச் சுடும் களத்துக்கு ஞாயிறுதோறும் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. எல்லோரும் கைபழகியது .22 (0.22 அங்குல அளவு) தோட்டாவில்தான். ஊரில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘பாயின்ட் டூ டூ’ என்றால் தோள்பட்டைக்கே நினைவிருக்கும். இப்போது அவர்கள் அடுத்த படிக்கு வந்திருக்கிறார்கள். குழல் முனையில் திருகிப் பூட்டும் சைலன்சரில் முதலாவதாக எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். 1934 முதல் ஒரு காசும் மாறாமல் இதன் மீது இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டதால் கேட்பவர் எண்ணிக்கை கூடிவிட்டது. வரிதான் போயிற்றே தவிர, விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் இதை வைத்திருக்கவே முடியாது.

இவர்களுக்காகத் தமிழில் நான்கு பக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தவன், முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘சைலன்சர்’ என்று எழுதினால் நம்மவர்களுக்குக் கண்ணில் வருவது மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி நீளும், காலைச் சுடும் குழாய். அந்தத் தொடர்பு பொய்யும் அன்று. துப்பாக்கிக்கான முதல் வெற்றிகரமான சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மேக்சிமின் நிறுவனமே பின்னாளில் எஞ்சின்களின் இரைச்சலைக் குறைக்கும் தொழிலுக்குப் போனது. இயந்திரத் துப்பாக்கியைச் செய்த மேக்சிமின் மகன் இவர். அப்பா எழுப்பிய சத்தத்தை மகன் குறைக்கப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் சிக்கல் மோட்டார் சைக்கிள் அன்று; அந்தப் பெயர் கொடுக்கும் வாக்குறுதி. சினிமாவில் கேட்கும் ‘புஸ்’ஸை எதிர்பார்த்து ஒருவர் வாங்கிவந்தார், முதல் தோட்டாவிலேயே முகம் வாடிவிட்டது. .22 நீள் துப்பாக்கி ஏறத்தாழ 140 டெசிபெல் சத்தம் எழுப்பும். செவிக்கு ஊறு செய்யும் திடீர் ஒலியின் எல்லையாகப் பொதுவாகச் சொல்லப்படுவதும் அந்த 140-தான். சைலன்சர் பூட்டினால் 115, 120 என்று இறங்கும். 20 டெசிபெல் இறங்கினாலே ஒலியழுத்தம் பத்தில் ஒன்றாகிவிடும். பெரிய குறைவுதான், ஆனால் மௌனம் அன்று. வணிகத்தில் இப்போது வழங்கும் ‘சப்ரெசர்’ என்ற பெயர் இந்த வாக்குறுதியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது.

இன்னொன்று. இக்கருவி உண்மையில் தொடுவது ஒலியை அன்று, வாயுவை. குண்டின் பின்னால் பீறிட்டு வரும் கொதிவாயுவை வரிசையாக அடுக்கிய தடுப்புக் கிண்ணங்கள் பிடித்து, சுழலவிட்டு, ஆறவைத்து, மெல்ல வெளியே விடுகின்றன. சத்தம் குறைவது அதன் விளைவு.

‘ஒலித்தணிப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். எங்கோ இடிக்கிறது. ‘ரிம்ஃபயர்’ என்பதற்கும் சொல் வேண்டும். தோட்டாவின் அடித்தட்டு விளிம்புக்குள் தீமருந்து இருக்கும். ஊசி அந்த விளிம்பில் தட்டினால் பற்றும். பெரிய தோட்டாக்களில் ஊசி நடுவில் தட்டும்.

மடல் 2 | மதுரையிலிருந்து

தம்பிக்கு, வணக்கம்.

இடிப்பது பொருளில் இல்லை, விகுதியில். அடக்கு, பெருக்கு, கடத்து போன்ற உகர ஈற்று வினைகள் ‘இ’ ஏற்றுக் கருவிப் பெயராகும்: அடக்கி, பெருக்கி, கடத்தி. தெளி, அழி, தணி போன்றவை ‘பான்’ ஏற்கும்: தெளிப்பான், அழிப்பான். ஆகவே தணிப்பான். ‘தணிப்பி’ என்றால் யாரையோ ஏவுவது போல் ஒலிக்கிறது.

ஆனாலும் எனக்கு ‘ஒலியடக்கி’தான் பிடித்திருக்கிறது. நூறு மேடைகளில் ‘ஒலிபெருக்கி’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அதன் எதிர்ச்சொல் இயல்பாக வந்து விழும். ஆறே எழுத்து. நீங்கள் சொல்லும் வாயு, வெப்பம் எல்லாவற்றையும் பெயருக்குள் திணிக்க வேண்டியதில்லை. நாற்காலி என்ற பெயரில் உட்காருவதைப் பற்றி எதுவும் இல்லை, அதனால் யாரும் கீழே விழவில்லை.

ரிம்ஃபயருக்கு ‘விளிம்புத் தோட்டா’ போதும். மற்றது ‘மையத் தோட்டா’.

மடல் 3 | டொராண்டோவிலிருந்து

வணக்கம்.

ஐயா சொன்ன ஒலியடக்கியில் எனக்கு ஒரு தடை. மழை அடங்கியது என்றால் நின்றது. மூச்சு அடங்கியது என்றால் ஆள் இல்லை. காய்ச்சல் தணிந்தது என்றால் இன்னும் உடம்பு கதகதவென்று இருக்கிறது, ஆனால் எழுந்து கஞ்சி குடிக்கலாம். தம்பி விவரிக்கும் கருவி இரண்டாவது வகை. தாகமும் தணியும், கோபமும் தணியும், சூடும் தணியும். வாயுவின் வெப்பத்துக்கும் வேகத்துக்கும் சத்தத்துக்கும் அந்த ஒரு வினையே போதுமாக இருக்கும்போது வேறு எதற்கு?

‘ஒலி’ என்பதும் எனக்குப் பொதுவாகப் படுகிறது. துப்பாக்கி வெடிக்கும் சத்தத்துக்கு இலங்கையில் எங்கள் பக்கம் ‘வேட்டு’ என்ற சொல் பேச்சிலும் பத்திரிகையிலும் இருக்கிறது: வேட்டுச் சத்தம், மரியாதை வேட்டு. தமிழ்நாட்டிலும் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறீர்கள்தானே? வேட்டுத்தணிப்பான் என்று வைத்துப் பாருங்கள்.

மடல் 4 | டெக்சஸிலிருந்து

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

அக்கா கொடுத்த ‘வேட்டு’ எனக்குள் வேறொரு பூட்டையும் திறந்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்தின் வரையறையை எடுத்துப் பார்த்தேன். துப்பாக்கியின் வேட்டை ஒடுக்கவோ, அமுக்கவோ, குறைக்கவோ செய்யும் கருவி என்று மூன்று வினைகளை அடுக்குகிறது அது. வினைக்கு மூன்று சொல் தேடியவர்கள் செயப்படுபொருளுக்கு ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘ரிப்போர்ட்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ், வேட்டு.

இதில் சொல்லழகைத் தாண்டிய பயனும் இருக்கிறது. துப்பாக்கி எழுப்பும் சத்தம் ஒன்றன்று. குழல் முனையில் வாயு வெடித்து வெளியேறுவது வேட்டு. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் வழி நெடுகக் காற்றைக் கிழித்துக்கொண்டு எழுவது இன்னொன்று. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது கேட்பதும் அதேதான், சாட்டை நுனி ஒலியை முந்தும் சத்தம். ஆகவே அதைச் ‘சொடுக்கு’ என்று எழுதப்போகிறேன். குழல் முனையில் எதைப் பூட்டினாலும் சொடுக்கு குறையாது, ஏனென்றால் அது பிறப்பதே குழலுக்கு வெளியில். ‘ஒலியடக்கி’ என்றால் இரண்டையும் அடக்க வேண்டும். ‘வேட்டுத்தணிப்பான்’ தன்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறது. ஐயா மன்னிக்க வேண்டும், நாற்காலிக்கு 140 டெசிபெல் இல்லை.

இந்த இரண்டு சொற்கள் கைக்கு வந்ததும் குறிப்பில் பாதி தானாக எழுதிக்கொண்டது. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதிவேக .22 தோட்டா நீள் துப்பாக்கியில் 380 மீட்டரைத் தொடும். எவ்வளவு விலை கொடுத்துத் தணிப்பான் வாங்கினாலும் சொடுக்கு கேட்கும். 320 மீட்டர் அளவில் போகும் மெதுவேகத் தோட்டாவை வாங்கினால்தான் தணிப்பானின் அருமை தெரியும். அதே அதிவேகத் தோட்டாவைக் கைத்துப்பாக்கியில் போட்டால் பெரும்பாலும் சொடுக்கே இருக்காது, ஏனென்றால் நாலைந்து அங்குலக் குழலில் குண்டு அந்த வேகத்தை எட்டுவதில்லை. அதற்குப் பதிலாகக் குட்டைக் குழலில் வேட்டு பெரிது. ஒரே தணிப்பானை இரண்டிலும் பூட்டிப் பார்த்து ‘இதில் நன்றாக இருக்கிறது, அதில் இல்லை’ என்று குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் டெசிபெல் அன்று, ஈயம். விளிம்புத் தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மேலுறை இல்லாத ஈயம், அல்லது மெல்லிய செம்புப் பூச்சு. சில நூறு தோட்டாக்கள் சுட்டபின் என்னுடையதைத் திறந்தபோது கிண்ணங்களின் மீது சாம்பல் நிறத்தில் கொட்டைப்பாக்குச் சீவல் போல ஈயம் அப்பியிருந்தது. கையில் எடுத்தாலே எடை கூடியிருப்பது தெரிந்தது. அதனால் பிரித்துக் கழுவ முடியாத, மூடி பற்றவைத்த தணிப்பானை .22-க்கு வாங்கவே வேண்டாம். உள்ளே கிண்ணங்கள் எஃகிலோ டைட்டானியத்திலோ இருந்தால் சுத்தம் செய்வது எளிது. அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் கடுமையான கரைசல்கள் அதைத் தின்றுவிடும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கும் வழக்கம் ஒன்று களத்தில் உலவுகிறது. ஈயம் போகும், உண்மைதான். கரைந்த ஈயம் நஞ்சாக அந்த நீரிலேயே நிற்கும். நான் முதல்முறை சமையலறை மேசையில் பிரித்தேன். மனைவி பார்த்த பார்வைக்குப் பிறகு எல்லாம் கார் கொட்டகைக்குப் போய்விட்டது, கையுறையோடு.

திருகு பற்றி ஒரு வரி: அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை என்பதே இந்த நாட்டில் .22-க்கு வழக்கம். சில சிறிய கைத்துப்பாக்கிகளுக்கு இடைத்திருகு (அடாப்டர்) வேண்டியிருக்கும். அளவைவிட இறுக்கம் முக்கியம். சுடச் சுட அது தானாகக் கழன்றுகொண்டே வரும். சென்ற மார்கழியில் பேச்சு சுவாரசியத்தில் நான் பார்க்காமல் விட்டேன். அரைச் சுற்றுக் கழன்றிருக்க வேண்டும். குண்டு கடைசிக் கிண்ணத்தின் வாயை உரசிப் பிறை போல ஒரு வெட்டு விட்டுப் போனது. குழலைக் குப்புறப் பிடித்துத் தட்டினால் ஒரு துணுக்கு விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை கை வைத்துப் பார்க்கிறேன், ஆறிய பிறகு.

முதல் தோட்டா மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்கும். தணிப்பானுக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜனில் எரியாமல் மிஞ்சிய வெடிமருந்து எரிவதால் வருவது அது, பழுது அன்று. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியில் பின்புறம் இரும்பு இடிக்கும் சத்தமும் காதில் விழும். கையால் தாழ் இழுத்து ஏற்றும் துப்பாக்கிதான் மிக அமைதி.

களத்தில் அமெரிக்கர்கள் இதைச் செல்லமாக ‘டப்பா’ என்ற பொருளில் ‘கேன்’ என்று அழைக்கிறார்கள். ஓர் அங்குல விட்டமும் ஐந்து அங்குல நீளமும் கொண்ட பொருளுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. குறிப்பில் ஓரிரு இடத்தில் டப்பா என்றும் எழுதிக்கொள்கிறேன்.

மடல் 5 | மதுரையிலிருந்து

தம்பிக்கு,

காய்ச்சலுக்கும் கஞ்சிக்கும் தோற்றேன். வேட்டுத்தணிப்பான் இருக்கட்டும். ‘வேட்டு’ வன்தொடர் ஆகையால் நடுவில் ‘த்’ கட்டாயம் வரும், அச்சில் விட்டுவிடாதீர்கள்.

ஓர் ஐயம். தடுப்புக் கிண்ணம் என்று எழுதுகிறீர்கள். குண்டு போக அதன் நடுவில் ஓட்டை இருக்க வேண்டுமே. ஓட்டை உள்ளது கிண்ணம் எப்படி ஆகும்? கூம்பு வடிவமாகவும் இருந்தால் அது புனல் அல்லவா?

மடல் 6 | டெக்சஸிலிருந்து

ஐயா, என்னுடையதைப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழும் புனல்தான். மாற்றிவிட்டேன்.