இன்ஜெக்டர் மாற்றியாயிற்று, கோடு (code) ஏறவில்லை: கடலூர், புதுவை பக்கம் யாராவது உதவுங்கள்

செம்மண்டலம் ஒர்க்‌ஷாப்:
அண்ணே, பிஎஸ்6 டீசல் கார் ஒன்று. மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டுப்போனதால், அதே பார்ட் நம்பரில் ஒரிஜினலை பில்லோடு வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலில் நடுக்கம், லேசான புகை. இன்ஜெக்டர் தலையிலேயே, அது டீசல் பீய்ச்சும் அளவைச் சொல்லும் கோடு அச்சடித்திருக்கிறது. அதை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் பதியத்தான் முடியவில்லை. ஸ்கேனர் எரர் படிக்கிறது, எழுதப் போனால் 'அனுமதி இல்லை' என்று நின்றுவிடுகிறது. ஷோரூமில் கேட்டால், வெளியில் மாட்டியதற்குக் கோடிங் போட மாட்டோம், நாலு இன்ஜெக்டரையும் எங்களிடமே மாற்றுங்கள் என்கிறார்கள். வண்டிக்காரர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்பவர். வண்டி நின்றால் அவர் பிழைப்பும் நிற்கும்.

வில்லியனூர் டீசல்:
தம்பி, முதலில் பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கியிருந்தாலும் ஈசியூ மறுக்கும். அப்புறம் லைவ் டேட்டாவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ டீசலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவைப் பாருங்கள். மூன்றாவது மட்டும் விலகி நின்றால் கோடிங்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அடியில் செப்பு வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஈசியூவில் எழுத விடாத பூட்டு இரண்டு வகை. ஒன்றில், ஈசியூ ஒரு எண்ணைக் கொடுத்து அதற்கு விடை கேட்கும். அந்தக் கணக்கு தெரிந்த கருவிக்குத்தான் திறக்கும். உங்கள் ஸ்கேனர் அப்டேட்டில் அந்த மாடல் வந்திருந்தால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட்டுக்குப் பின்னால் காவல் நிற்கும் கேட்வே. கம்பெனி சர்வரில் லாகின் செய்யாமல் எழுதவே விடாது. புகை சம்பந்தமான எரரைப் பொது ஸ்கேனரும் படிக்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான் அதையாவது காட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பாகத்தின் கோடை அந்த வண்டியிலேயே ஏற்ற முடியாமல் பூட்டி வைப்பது அநியாயம்.

நெல்லித்தோப்பு எலக்ட்ரீஷியன்:
பூட்டை உடைக்கும் கிராக் சாஃப்ட்வேர் தருகிறேன் என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் தொடாதீர்கள். எழுதும்போது பாதியில் நின்றால் ஈசியூவே போய்விடும்.

ஷோரூம் மறுப்பை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். நுகர்வோர் வண்டிக்காரர்தான், அதனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அவரே பேசட்டும். உதிரிபாகமும் டயக்னாஸ்டிக் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. அதனால் அதைக் காட்டியதும் ஷோரூமில் வேலை நடந்துவிடாது. ஆனால் புகாரில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

செம்மண்டலம் ஒர்க்‌ஷாப்:
சார்ஜர் போட்டும் அதே மறுப்புதான். வாஷர் சரியாக இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் மட்டும்தான் விலகி நிற்கிறது.

வில்லியனூர் டீசல்:
அப்படியென்றால் கோடிங்தான். என் ஸ்கேனர் அப்டேட்டில் அந்த மாடல் இருக்கிறது. புகையோடு ஓட்டினால் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைக்கும், அதனால் டோ பண்ணிக் கொண்டுவாருங்கள். பில்லும் வேண்டும். கோடை இன்ஜெக்டரைப் பார்த்தே அடிப்போம், ஓர் எழுத்து மாறினாலும் ஏறாது.

செம்மண்டலம் ஒர்க்‌ஷாப்:
சரி அண்ணே, காலையில் வந்துவிடுகிறோம். வண்டி சரியானாலும் 1915-இல் புகார் கொடுக்கத்தான் போகிறேன் என்கிறார் வண்டிக்காரர்.