மதுரையில் ஜாஸ் சாக்ஸபோன் சொல்லித்தர ஆள் வேண்டும்

வணக்கம். செல்லூரில் இருக்கும் என் அக்கா மகன் கல்யாண பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறான். நாதஸ்வர வித்துவானிடம் கற்றவன், ஸ்வரம் சுத்தமாக இருக்கும். இப்போது ஜாஸ் மேல் பெரிய ஆசை.

ஸ்விங் என்னும் ஜாஸ் தாள நடை சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஒரு தட்டைத் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைக் குட்டையாக வாசி என்றதும் புரிந்துகொண்டான். (வேகம் கூடினால் இந்தக் கணக்கு இளகும். அது கேட்டுக் கேட்டுத்தான் வரும்.) சிக்கல் கார்டுகளில்தான் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). கச்சேரியில் தம்புரா ஒரே சுருதியில் நிற்கும். 12 பார் ப்ளூஸில் (பன்னிரண்டு தாள அளவுகளாகத் திரும்பத் திரும்ப வரும் பாட்டு வடிவம்) அடியில் கார்டு மாறும்போது, எந்த ஸ்வரத்தில் வந்து நிற்பது என்பதும் மாறும். தனியாக வாசித்து இது காதில் ஏறாது.

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன்கள், பேஸ் கிடார் தம்பிகள் யாராவது வாரம் ஒருநாள் அவனோடு உட்கார முடியுமா? பி ஃப்ளாட் ப்ளூஸை மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசித்தாலே போதும். ஆல்டோவில் எழுதும் ஸ்வரம் வேறு, ஒலிக்கும் ஸ்வரம் வேறு என்பதால் அவனுக்கு அது ஜி-யில் வரும். நல்ல ஆசிரியர் தெரிந்தாலும் சொல்லுங்கள், திண்டுக்கல் என்றாலும் வருவான். ஃபீஸ் தருகிறோம். முகூர்த்த நாளில் மட்டும் அவனுக்கு வேலை இருக்கும்.

அப்புறம், ஆல்டோவுக்கு இரண்டரை நம்பர் ரீட் (ஊதும் வாயில் பொருத்தும் நாணல் பட்டை) மதுரையில் எந்தக் கடையில் கிடைக்கும்?