ஃபுளோட்டிங் பிரிட்ஜ் கிட்டாரில் சுருதி நிற்காதபோது: நம்மவர் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன்

திருமண வரவேற்புகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் இளைஞர்களின் கிட்டார்களைச் சரிசெய்து கொடுப்பது என் மாலைநேர வேலை. "சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது" என்பதே நான் அடிக்கடி கேட்கும் புகார். ஃபுளோட்டிங் பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும், உடலோடு ஒட்டாமல் முன்பின் சாயக்கூடிய பிரிட்ஜ்) உள்ள கிட்டாராக இருந்தால், தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் கீகளை மாற்றிவிடலாமா என்ற கேள்வியும் கூடவே வரும். நான் கீகளைத் தொடுவதற்கு முன் கிட்டாரைக் கவிழ்த்து, பின்பக்க மூடியைத்தான் கழற்றுவேன்.

அண்மையில் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கும் தம்பி ஒருவர் வந்திருந்தார். மறுநாள் மாலை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. ஒலி இன்னும் கனமாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வழக்கமான 9–42 தந்திகளை (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் குறுக்களவு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) எடுத்துவிட்டு, இன்னும் தடித்த 10–46 போட்டிருக்கிறார். அதுவும் ஆறு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டுப் போட்டிருக்கிறார். பிரிட்ஜின் பின்பாதி உடலிலிருந்து நன்றாக மேலெழும்பி நின்றது. தந்திகளோ ஃபிரெட்டுகளிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) அவ்வளவு உயரத்தில் இருந்தன. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தினாலே சுரம் கூடி ஒலித்தது. ஆறாம் தந்தியைச் சுருதி சேர்த்தால் முதல் தந்தி இறங்குகிறது, முதல் தந்தியை ஏற்றினால் மூன்றாம் தந்தி இறங்குகிறது என்று முந்தைய இரவு முழுவதும் போராடியதாகச் சொன்னார்.

இந்த அமைப்பில் பிரிட்ஜ் தராசு முள்ளைப் போல இரண்டு சிறு தூண்களின்மேல், கத்திமுனை போன்ற விளிம்பில் நிற்கிறது. முன்பக்கம் தந்திகள் இழுக்கின்றன, பின்பக்கக் குழிக்குள் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலமாக உள்ள கிட்டாரில் வழக்கமான சுருதிக்கு 9–42 தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். 10–46 என்றால் அது 46 கிலோவைத் தாண்டும். ஸ்பிரிங்கைத் தொடாமல் தந்தியை மட்டும் மாற்றினால், கூடுதலாக வந்த அந்த எட்டுக் கிலோவுக்கு பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்வதைத் தவிர வேறு வழியில்லை. 1954இல் வந்த ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிரிட்ஜும் ஸ்பிரிங்குகளை நம்பியதுதான். ஃபிளாய்ட் ரோஸ் 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, தந்தியை நட்டில் (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் படியும் பட்டை) இறுக்கிப் பூட்டி, பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடியான வாமி பாரை எவ்வளவு ஆட்டினாலும் சுருதி கலையாதபடி செய்தது. ஆனால் பூட்டு இருக்கிறது என்பதற்காகச் சமநிலை தானாக வந்துவிடாது. பலரும் இடறுவது இந்த இடத்தில்தான்.

அந்தத் தம்பியின் கிட்டாரில் செய்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் நெக்கின், அதாவது கழுத்தின், வளைவு. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாம், எட்டாம் ஃபிரெட்டுகளின் மேல் பார்த்தால் தந்திக்குக் கீழே 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். தடித்த தந்திகளின் இழுப்பில் அது கூடியிருந்ததால் நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைச் சற்றே இறுக்கினேன். அடுத்து, பின்குழியில் பிரிட்ஜின் உலோகக் கட்டைக்கும் கிட்டாரின் வால்பக்கச் சுவருக்கும் நடுவே, பிரிட்ஜ் உடலுக்கு இணையாக நிற்கும் அளவுக்குச் சீவிய மரத்துண்டு ஒன்றைச் செருகினேன். இப்போது பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய முடியாது. எனவே சாதாரண கிட்டாரைப் போலவே, ஒரு தந்தி மற்றதைக் கெடுக்காமல், ஆறையும் சேர்த்துவிடலாம். நட்டின் பூட்டு திறந்தே இருக்க வேண்டும், பிரிட்ஜில் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் திருகுகளான ஃபைன் டியூனர்கள் எல்லாம் நடுநிலையில் இருக்க வேண்டும், புதுத் தந்திகளைக் கையால் இழுத்து இழுத்துத் தளர்ச்சி தீரும்வரை மீண்டும் சேர்க்க வேண்டும். அதன்பிறகு ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு திருகுகளையும் மாறிமாறிக் கால்சுற்று கால்சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்தேன். ஸ்பிரிங்கின் இழுப்பு தந்திகளின் இழுப்பை எட்டிய கணத்தில், பிடி தளர்ந்து மரத்துண்டு தானாக என் உள்ளங்கையில் விழுந்தது. சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் பார்த்தால் ஆறு தந்திகளும் ஏறக்குறைய சுருதியிலேயே இருந்தன. நட்டைப் பூட்டி, மிச்சத்தை ஃபைன் டியூனரால் சரிசெய்ததுடன் வேலை முடிந்தது. பூட்டும்போது சுருதி ஏறினால், நட்டுக்குப் பின்னால் தந்திகளைக் கீழே அமுக்கும் பட்டையை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று பொருள்.

கிளம்பும் நேரத்தில்தான் தம்பி அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். "அண்ணா, பாடுற அக்காவுக்கு அரைக்கட்டை இறக்கணுமாம். மேடையிலேயே இறக்கிக்கலாமா?" முடியாது என்றேன். அரைக்கட்டை இறக்கினால் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்துவிடும். ஸ்பிரிங் வென்று பிரிட்ஜ் பின்னால் சாயும். மீண்டும் மரத்துண்டிலிருந்து தொடங்க வேண்டும். நிகழ்ச்சியின் நடுவில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடுவதற்கும் இதுவே காரணம். எல்லாப் பாட்டும் இறக்கித்தான் என்றால் இங்கேயே அப்படி அமைத்துத் தருகிறேன் என்றேன். அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு பாடல்களுக்கு மட்டும்தானாம். அந்த இரண்டையும் விரலை மாற்றி வாசிக்கச் சொல்லி அனுப்பினேன். மேடைக்கு மேடை சுருதி மாறும் நம் குழுக்களில் இந்த வகைக் கிட்டாரை மட்டும் நம்பிப் போவது வம்பு என்பது என் கருத்து. நிலையான பிரிட்ஜ் உள்ள ஒன்று கூடவே இருக்கட்டும்.

காத்ர் போர்ன், மொரீஷியஸ்

சாட்ஸ்வொர்த் அண்ணா சொன்ன மரத்துண்டு முறையைத்தான் நானும் கடைப்பிடிக்கிறேன். எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபிளிக்-அன்-ஃபிளாக் பக்கத்தில் ஒரு விடுதியில், எங்கள் நாட்டுப்புற இசையான சேகா இரவுகளில் வாசிப்பேன். ரவான் என்ற தோல்கருவியை வாசிப்பவர் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றிச் சுதி கூட்டிக்கொண்டிருப்பார். நான் குளிரூட்டிய அறையில் கிட்டாரைச் சேர்த்துப் பூட்டிக்கொண்டு கடற்கரை மேடைக்கு வருவேன். அவருடைய தோல் சூட்டில் ஏறும், என்னுடைய எஃகுத் தந்திகள் அதே சூட்டில் இறங்கும். இருபுறமும் பூட்டியிருந்தால் சுருதி கலையாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பூட்டு தந்தி நழுவுவதைத்தான் தடுக்கும், சூட்டில் உலோகம் நீள்வதை அது எப்படித் தடுக்கும்? அதனால் இப்போதெல்லாம் மேடைக் காற்றில் கிட்டாரை நன்றாக ஊறவிட்ட பிறகே நட்டைப் பூட்டுகிறேன். ஃபைன் டியூனர் நடுநிலையில் இருந்தால் மேலும் கீழும் திருப்ப இடமிருக்கும். ஓரத்துக்குப் போய்விட்டால் பாட்டின் நடுவே, நட்டின் பூட்டைத் திறக்கும் அறுகோணச் சாவியான ஆலன் கீயைத் தேட வேண்டியதுதான். ஆலன் கீ ஒன்றை கிட்டாரின் தலைக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தி துருப்பிடிப்பது எல்லாருக்கும் தெரிகிறது. பின்குழியில் இருக்கும் கொக்கித் திருகுகள் துருவேறி இறுகிப்போவது, ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகும்போதுதான் தெரிகிறது. தந்தி மாற்றும்போதெல்லாம் அங்கேயும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றினால் சமநிலையும் அதிகம் கெடாது.

லெனேஷியா, ஜோகன்னஸ்பர்க்

டர்பனில் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி இங்கே கொண்டுவந்தேன். குளிர்காலத்தில் இந்த மேட்டுநிலக் காற்று எலும்புவரை உலர்ந்திருக்கும். ஃபிரெட்போர்டு சுருங்கி ஃபிரெட்டுகளின் நுனிகள் விரலில் உரசத் தொடங்கின, நெக்கின் வளைவும் மாறியது. அதை டிரஸ் ராடால் சரிசெய்துகொண்டேன். தீராதது வேறொன்று: வாமி பாரைக் கீழே அழுத்திவிட்டால் ஒரு சுருதியிலும், மேலே இழுத்துவிட்டால் இன்னொரு சுருதியிலும் வந்து நிற்கிறது. நட் நன்றாகப் பூட்டியிருக்கிறது, தந்திகளும் புதியவை, பிரிட்ஜும் உடலுக்கு இணையாகவே நிற்கிறது. பக்கத்துக் கடையில் ஸ்பிரிங் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

லெனேஷியா நண்பருக்கு: ஸ்பிரிங்கை விடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி கத்திமுனை விளிம்பு மழுங்கியதையே காட்டுகிறது. முழு இழுவிசையில் இருக்கும்போதே தூண்களைத் திருகி உயரம் மாற்றியவர் யாராவது அதன் முந்தைய சொந்தக்காரராக இருந்திருக்கலாம்; அப்படித் திருகும்போது தூண் விளிம்பை அரம்போல அராவும். தந்திகளை முழுவதும் தளர்த்தி, பிரிட்ஜுக்கு அடியில் மடித்த துணியை வைத்து, ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பிரிட்ஜை வெளியே எடுங்கள். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த விளிம்பு உள்ள பிரிட்ஜின் அடித்தகட்டை மாற்றத்தான் வேண்டும், மலிவான மென்உலோகத் தகடுகளை அராவிக் கூராக்குவது நெடுநாள் தாங்காது. வாங்குவதற்கு முன் இரண்டு தூண்களையும் விரலால் அசைத்துப் பாருங்கள். மரத்துக்குள் தூண் ஆடினால் புதுத் தகடும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். அப்போது முதலில் அந்தத் துளையில் மரம் அடைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும்.